அமரர் செல்வராஜ் உயிரோடு இருக்கிறார்

1

என் மகள் நிலோஃபர் எனக்குத் தமிழில் ஒரு வார்த்தை அனுப்பி ஆறு மாதம் இருக்கும். "சாப்ட்டியாம்மா" என்று நான் எழுதினால் ஜெர்மனில் ஒரு "ஆமாம்" வரும். பாதி நாள் அதுவும் வராது, கட்டைவிரல் படம்தான் வரும். பெர்லினில் இருக்கிறாள், வயது இருபத்தேழு, கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. அவளைக் குறை சொல்ல இதை எழுத உட்காரவில்லை. ஆனால் போன மார்ச்சில் ஒரு மத்தியானம், "அத்தா, இது தமிழா?" என்று தமிழிலேயே கேட்டு, கூடவே நாற்பது விநாடிப் பாட்டு ஒன்றையும் அவள் அனுப்பியபோது, கையில் இருந்த பேரிங்கை எண்ணெய்த் தட்டிலேயே போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் நின்றிருக்கிறாள். கடைக்காரர் புதிதாக வரப்போகிற ஒரு தட்டின் மாதிரியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். முதலில் டிரம்ஸ் நாலு அடி. பிறகு ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு கிட்டார். அப்புறம் ஒரு ஆண் குரல்: "சங்கு ஊதுது, சங்கு ஊதுது, என் தூக்கத்த எவன் எடுத்தான்." இரண்டாவது தடவை அந்த வரி வரும்போது டிரம்ஸ் ஒரு அடி தப்புகிறது.

தப்பவிட்டவன் நான்தான்.

நான் சாகுல் அமீது. ராஜபாளையத்துக்காரன். நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்து, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் மிஷின் கம்பெனி ஒன்றின் தயவில் ஜெர்மனிக்கு வந்தவன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு. இங்கே என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ரிப்பேர்க்காரன், தொழுகைக்கு ஒழுங்காகப் போகிறவன், தோட்டத்தில் கத்தரி போட்டு ஒரு வருஷமும் காய்க்காதவன். ஒரு காலத்தில் டிரம்ஸ் அடித்தவன் என்று என் மகளுக்குக்கூடத் தெரியாது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்றுதான் சொல்லவில்லை.

2

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ராக் இசைக்குழு இருந்தது என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மூன்று பேர் இருந்தோம். குழுவின் பேர் "மூணாவது ஷிப்டு". கிட்டாரும் பாட்டும் செட்டியார்பட்டி செல்வராஜ். பேஸ் கிட்டார் வெங்கட்ராஜு, வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாகப் பேசுகிறவன், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து ஏசுவான். டிரம்ஸ் நான்.

இந்த இசை எங்களுக்கு வந்த வழி மில் வழிதான். மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது ஐந்து கேசட்டுகளை விட்டுப் போய்விட்டார். அட்டையும் கிடையாது, பேரும் கிடையாது. பதிவு பண்ணிய வெறும் கேசட். செல்வராஜ் அதற்கு ஒன்று, இரண்டு என்று பெயிண்டில் நம்பர் எழுதினான். மூணாம் நம்பர் கேசட்டில் வரும் கிட்டாரை மூன்று மாதம் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அதே சத்தத்தைத் தன் விரலில் கொண்டுவந்து காட்டினான். யார் வாசித்தது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. "எவனோ நம்மள மாதிரி ஷிப்டு பாக்குதவன்தான்லே, சத்தத்துலயே தெரியுது" என்பான்.

வயிற்றுப்பாட்டுக்குத் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசித்தோம். நாலு சினிமாப் பாட்டுக்கு நடுவில் எங்கள் பாட்டு ஒன்றைச் செருகுவோம். தேவதானம் திருவிழாவில் செல்வராஜ் முதல் தடவை கிட்டாரை அந்த ரம்பச் சத்தத்தில் இழுத்தபோது, மைக் செட்டுக்காரர் ஏதோ புகைகிறது என்று ஓடி வந்து ஒயரையே பிடுங்கிவிட்டார். "கோளாறு இல்லண்ணே, பாட்டே இதுதான்" என்று வெங்கட்ராஜு அவரிடம் மைக்கிலேயே சொன்னான். சேத்தூரில் மட்டும் ஒரு கூட்டம் மறுபடி வாசிக்கச் சொன்னது. அவர்கள் எல்லாரும் மில் ஆட்கள். ஷிப்டுக்குக் கூப்பிடுகிற மில் சங்கைப் பற்றிய பாட்டு அவர்களுக்குப் புரிந்தது.

பிறகு சொந்தப் பாட்டு ஆறைப் பதிவு பண்ணினோம். செட்டியார்பட்டியில் வெங்கட்ராஜுவின் குடும்பத்து கோடவுன் ஒன்று. பக்கத்துச் சுவர் விசைத்தறிக் கூடம். ஞாயிறு தறி ஓடாது என்று நம்பி டேப் செட்டை வாடகைக்கு எடுத்து வந்தோம், அந்த ஞாயிறு பார்த்து அவசர ஆர்டர் என்று ஓட்டினார்கள். ஆறு பாட்டிலும் பின்னால் டடக் டடக் என்று தறி கேட்கும். செல்வராஜ் அசரவில்லை. "கெடக்கட்டும், நாலாவது ஆளுன்னு வச்சுக்கோ" என்றான்.

3

இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரு வேலை இருந்தது, யாரிடமும் சொல்லாத வேலை. அந்த ஐந்து கேசட்டில் வாசித்தவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது. சனிக்கிழமைச் சந்தைகளில் பழைய இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறுவேன். என் மனைவி ஜெசிமா குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குப்பையில என்னதான் இருக்கு" என்று நிற்பாள். பதினோரு வருஷம் ஆயிற்று, மூணாம் நம்பர் கேசட்டைக் கண்டுபிடிக்க. நெசவு ஆலைகள் இருந்த ஒரு மலையடிவார ஊரின் பையன்கள். ஒரே ஒரு தட்டு போட்டிருக்கிறார்கள். விற்ற கிழவர், "இதை யார் வாங்குவார்கள், எடுத்துக்கொண்டு போ" என்று சும்மாவே கொடுத்தார். அட்டையின் பின்னால் நாலு பேர் மில் வாசலில் சைக்கிளோடு நிற்கிறார்கள். செல்வராஜ் சொன்னது சரிதான்.

அதை அவனுக்கு ஒரு கடிதமாக எழுதலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதவில்லை. காரணத்தை இப்போது சொல்கிறேன்.

4

நிலோஃபர் அனுப்பிய பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். பெர்லினில் யோனாஸ் என்று ஒரு இளைஞன், மறந்துபோன குழுக்களைத் தேடி எடுத்துத் தட்டு போடுகிறவன். மதுரையில் பழைய பேப்பர் கடையில் ஒரு சாக்குக் கேசட் வாங்கியிருக்கிறான். அதில் எங்களுடையதும் இருந்தது. அவனுடைய இணையப் பக்கத்தில் எங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். பேஸ் வாசித்தவர் இருக்குமிடம் தெரியவில்லை. டிரம்ஸ் வாசித்தவர் பற்றித் தகவல் இல்லை. பாட்டு எழுதி, பாடி, கிட்டார் வாசித்த மேதை எம். செல்வராஜ், இந்தக் கேசட் வெளிவருவதற்கு முன்பே இளம் வயதில் இறந்துவிட்டார். உலகுக்கு அவர் விட்டுப்போனது இந்த ஆறு பாட்டுகள் மட்டுமே. பின்னணியில் ஒலிக்கும் மர்மமான இயந்திரத் தாளம் அவரது தீர்க்கதரிசனத்துக்குச் சான்று.

தறியைத் தீர்க்கதரிசனம் என்றதற்குச் சிரித்திருப்பேன். சிரிப்பு வரவில்லை. பேஸ் வாசித்த வெங்கட்ராஜு ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். செல்வராஜ் செட்டியார்பட்டியில் உயிரோடு இருக்கிறான். செத்தவனைக் காணோம் என்கிறார்கள், இருக்கிறவனைச் செத்தான் என்கிறார்கள். யோனாஸ் மேல் தப்பில்லை. கேசட் அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது: "பாடல், இசை, கிட்டார்: அமரர் மு. செல்வராஜ்."

அந்த அட்டையை ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கரலிங்கம் அண்ணாச்சி அச்சாபீஸில் அடித்தோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை அடிக்கிற இடம். அப்போதெல்லாம் ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்க்க வேண்டும். அதனால் ஒரு வேலை முடிந்ததும் வரிகளைக் கலைக்காமல் கட்டி வைத்திருப்பார்கள். ஊர்ப்பேர், கோயில்பேர், ஆள்பேர் எது மறுபடி வந்தாலும் அந்த வரியை அப்படியே தூக்கி வைத்தால் பாதி வேலை மிச்சம். எங்கள் வேலைக்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேறொரு மு. செல்வராஜ், பாவம், அவருடைய பதினாறாம் நாள் பத்திரிகை அச்சாகியிருந்தது. அண்ணாச்சி அந்த வரியைத் தூக்கி எங்கள் அட்டையில் வைத்தார். முன்னால் இருந்த "அமரர்" கூடவே வந்துவிட்டது.

அச்சாபீஸ் தப்பு என்றுதான் ஊர் முழுக்கத் தெரியும். செல்வராஜுக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் புரூஃப் என்று ஒன்று உண்டு. முதல் பிரதியை நம்மிடம் கொடுப்பார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அதைப் படிக்கப் போனவன் நான். அன்றைக்கு எனக்கு மதுரையில் பாஸ்போர்ட் வேலை. அச்சாபீஸ் வாசலில் பஸ் நின்று ஹாரன் அடித்தது. ஈரம் காயாத தாளில் "சரி, அடிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இதை முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன்.

5

கேசட் கட்டு வந்ததும் செல்வராஜ் முதல் பிரதியை அம்மா கையில்தான் கொடுத்தான். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் சத்தமாகவே படித்திருக்கிறாள். அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். "எம்புள்ளைய உசுரோட கருமாதிப் பத்திரிகையில போட்டுட்டானுவளே" என்று அழுத அழுகை மூணு தெரு கேட்டது. அந்த மாதமே அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தான். அப்புறம் கேட்க வேண்டுமா. அச்சிலே செத்தவன், அதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கான் என்று ஊர் பேசியது. பிழைத்து எழுந்ததும் அம்மா அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார்கள், இனி கிட்டாரைத் தொட மாட்டேன் என்று. அதோடு குழு முடிந்தது. கேசட்டெல்லாம் சாக்கில் கட்டி கோடவுனுக்குப் போயிற்று. அவன் படுக்கையில் இருக்கும்போதே நான் விமானம் ஏறிவிட்டேன்.

நடுவில் ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவனை இரண்டு கல்யாண வீட்டில் பார்த்தேன். "நல்லாருக்கியா" என்று கேட்டுவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிட்டேன். கோழை என்று நீங்கள் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டாயிற்று.

நிலோஃபரிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன், என் பாதித் தமிழிலும் பாதி ஜெர்மனிலுமாக. அவள், "அத்தா, தட்டோடு வருகிற புத்தகம் மூணு வாரத்தில் அச்சுக்குப் போகிறது என்று அந்த இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் இன்னொரு தடவையும் படிக்காமல் விடப்போகிறீர்களா?" என்றாள். ஜெர்மனில்தான் சொன்னாள். எந்த மொழியில் சொன்னால் என்ன, சுருக்கென்று தைத்தது.

6

யோனாஸை நேரில் பார்க்க ரயிலேறினேன். முப்பத்தாறு வருஷம் பேசியும் பதற்றம் வந்தால் என் ஜெர்மன் காலை வாரிவிடும். "செல்வராஜ் சாகவில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தவன், "செல்வராஜ் இப்போதைக்குச் சாகவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

நல்ல பையன். டீ கொடுத்தான். முழுக்கக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: உடன் வரும் புத்தகம் எழுதி முடித்தாயிற்று, அதன் உயிரே அந்த மரணம்தான், கேட்பவர்கள் அதில்தான் உருகுகிறார்கள். மாற்ற வேண்டுமானால் அவர் உயிரோடு இருப்பதற்கும், அவர்தான் இவர் என்பதற்கும் ஆவணம் வேண்டும். கையெழுத்திட்ட சம்மதமும் வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் செத்ததற்கு என்ன ஆவணம் கேட்டீர்கள்?" என்றேன்.

"அட்டையில் இருந்தது."

"சாக ஒரு வரி போதும், இருக்க மட்டும் ஆவணம் வேண்டுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் படிவத்தை நீட்டினான். ஜெர்மனி அல்லவா, அனுதாபத்தோடுதான் படிவத்தை நீட்டும்.

படிவத்தில் முதற்பேர், குடும்பப்பேர் என்று இரண்டு கட்டம். இந்த இரண்டு கட்டத்தோடு நான் பட்ட பாடு ஒரு தனிக் கதை. அமீது என் சொந்தப் பேரின் பின்பாதி. அதைக் குடும்பப்பேர் ஆக்கி, ஜெசிமாவையும் பிள்ளையையும் அமீது ஆக்கி, இன்றைக்கும் என் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் "திருமதி அமீது" என்று கூப்பிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். செல்வராஜின் தாள்களோ அதைவிட மோசம். வெங்கட்ராஜுவின் மனைவியிடம் சொல்லி, அவன் வீட்டில் வாங்கிப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆதாரில் "செல்வராஜ் மு", ரேஷன் கார்டில் "முத்தையா செல்வராஜ்", பேங்கில் "செல்வராஜு". யோனாஸ் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் யார் உயிரோடு இருக்கிறார்?" என்று உண்மையாகவே கேட்டான்.

அன்று சாயங்காலம் செல்வராஜுக்கே போன் போட்டேன்.

"யாரு, சாகுலா? ராஜு பொண்டாட்டி சொல்லுச்சுலே. வேண்டாம், விட்ரு."

"எப்பிடி விடுதது? நீ செத்துட்டன்னு போடுதான்லே."

"போடட்டும். செத்தவன் நல்லா வாசிச்சான்னு எவனோ நெனச்சுக்கிட்டுப் போறான். அவன் அப்பிடியே இருக்கட்டும். நான் எந்திரிச்சு வந்தா என்ன பாப்பான்? பேண்டேஜ் துணி நெய்யுத ஒரு கெழவன். காது ஒரு பக்கம் கேக்காது. கிட்டாரத் தொட்டு முப்பத்தாறு வருசம். எதுக்குலே இந்த வேலை?"

"பாட்ட அனுப்புதேன், ஒருவாட்டி கேளு."

"அனுப்பாத" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் டிக்கெட் எடுத்தேன். ஜெசிமா ஒரு கேள்வி கேட்கவில்லை, பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். நிலோஃபரையும் கூப்பிட்டேன். லீவு இல்லை என்றாள். அது அப்படித்தான்.

7

செட்டியார்பட்டியில் அவன் தறிக்கூடம் வீட்டோடு ஒட்டியது. நாலு தறி. இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி தறியிலிருந்து இறங்கிச் சுருண்டு கிடந்தது. செல்வராஜ் தலை, புருவம், காது மடல் எங்கும் பஞ்சு. என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தவில்லை. அவன் மனைவி பேச்சியம்மாள்தான், "அண்ணே, எம்புட்டு தூரத்துல இருந்து வந்துருக்கிய, உக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டாள்.

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே, அவனுடைய நல்ல காதுப் பக்கம் போய், தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். புரூஃப் பார்க்கப் போனது நான். கையெழுத்துப் போட்டது நான். படிக்கவில்லை. பஸ் வந்துருச்சு.

அவன் போய் இரண்டு தறியையும் நிறுத்தினான். கூடம் சட்டென்று அமைதியானது.

"திரும்பச் சொல்லு" என்றான்.

சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மா போற வரைக்கும் அந்த அண்ணாச்சியத்தான் ஏசுச்சு" என்றான். "எம்மக கல்யாணப் பத்திரிகைய ராஜபாளையத்துல அடிச்சேன், அவருகிட்ட போகல. அவரு மகன் கல்யாணத்துக்கு வூடு தேடி வந்து பத்திரிகை வச்சாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மனுசன் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனாரு. இம்புட்டு நாளும் நீ சும்மா இருந்துருக்க."

"ஆமா."

"ஒன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலலே."

"பாக்காத. கையெழுத்துப் போடு."

பேச்சியம்மாள், "செத்த நேரம் ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. கடைசியில் அவன் சட்டையை எடுத்து மாட்டினான். "அவரு இன்னும் இருக்காரு. நீ வந்து அவருகிட்டச் சொல்லு. பொறவு பாக்கலாம்" என்று பைக் சாவியை எடுத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அச்சாபீஸ் இப்போது மகன் கையில். ஃப்ளெக்ஸ் மிஷின் ஓடுகிறது. சங்கரலிங்கம் அண்ணாச்சி பின்கட்டில் நாற்காலியில் இருந்தார். எண்பது தாண்டியிருக்கும். செல்வராஜைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"தெரியுமே" என்றார். "ஒங்கையெழுத்த ரொம்ப நாளு கம்பியில குத்தி வச்சிருந்தேன். நாலு மழையில நனஞ்சு போச்சு."

"ஏன் அண்ணாச்சி சொல்லாம இருந்திய?"

"சொன்னா? வரியத் தூக்கி வச்சது நான்தான? அது இல்லன்னு ஆயிருமா? நீ அசலூரு போற புள்ள, இவங்க அம்மா ஏசுததுக்கு ஒரு ஆளு போதும்னு இருந்துட்டேன்." செல்வராஜ் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் கருமாதி வரிய ஒரு நாளும் கட்டி வச்சதில்லப்பா. அடிச்ச அன்னைக்கே எழுத்தக் கலச்சுப் போட்ருவேன். ஈயத்த விட்டு ஃப்ளெக்ஸுக்கு மாறுத வரைக்கும் அப்பிடித்தான்."

செல்வராஜ் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். "ஒங்ககிட்ட பேசாம இருந்துட்டேன்" என்றான். அவர் அவன் தலையிலிருந்து ஒரு பஞ்சுத் திரியை எடுத்துக் கீழே போட்டார். நான் வெளியே வந்து நின்றேன். எனக்கு அங்கே இருக்க முகம் இல்லை.

8

கையெழுத்துப் போட்டான். ஆனால் மனமில்லாமல் போட்டான். மறுநாள் தறிக்கூடத்தில் இருந்து யோனாஸை வீடியோவில் கூப்பிட்டேன், ஆளைக் காட்டி ஆதாரம் கொடுக்க. யோனாஸ் திரையில் எழுந்து நின்றே வணக்கம் சொன்னான். செல்வராஜ் தலையை மட்டும் ஆட்டினான். யோனாஸ், நான் மொழிபெயர்க்க, ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்: கடைசிப் பாட்டைப் போடுகிறேன், அவர் கேட்க வேண்டும்.

நான் செல்வராஜைப் பார்த்தேன். "தொடக் கூடாதுன்னுதான சத்தியம். கேக்கக் கூடாதுன்னு இல்லையே" என்றேன். அவன் யோசித்தான். பிறகு ஹெட்போனை வாங்கி நல்ல காதில் வைத்துக்கொண்டான்.

கண்ணை மூடியிருந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். பேச்சியம்மாளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், முந்தானையை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

கண்ணைத் திறந்து, "என்னலே இது, எலி கத்துத மாதிரி பாடிருக்கு. யாருது இது?" என்றான்.

"நீதாம்லே."

"நான் இந்தச் சுருதியில பாடமாட்டேன், எந்தொண்டைக்கு வராது." ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டான். தொடையில் விரலால் தாளம் தட்ட ஆரம்பித்தான். முகம் மாறியது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "பின்னாடி ஓடுததுல்லா, நம்ம பக்கத்துக் கூடத்துத் தறி. அது பழைய தறி, நானே பொறவு நாலு வருசம் அதுல வேலை பாத்தேன். இந்த வேகத்துல அடிச்சா பெல்ட்டு அந்து போவும்லே. டேப்ப வேகமா ஓட்டி எடுத்திருக்கான் இந்தப் பய. அப்ப ஆறு பாட்டுமே தப்பாத்தான் இருக்கும். சொல்லு அவன்ட்ட."

சொன்னேன். யோனாஸுக்கு விளங்கவில்லை. செல்வராஜ் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பழைய தறி ஒன்றை ஓட்டிவிட்டான். போனைப் பிடுங்கி அதன் பக்கத்தில் நீட்டினான். டடக் டடக் டடக். "இதான் வேகம். இதுக்கு வச்சுப் பாக்கச் சொல்லு" என்று கத்தினான், தமிழிலேயே, ஜெர்மன்காரனைப் பார்த்து நேராக.

யோனாஸ் அங்கேயே உட்கார்ந்து பாட்டின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத் தறியோடு பொருத்தினான். பொருந்திய இடத்தில் செல்வராஜின் குரல் வந்தது. நான் கோடவுனில் கேட்ட அதே கட்டைக் குரல். நாற்பது விநாடியை நூறு தடவை போட்டுக் கேட்டவன் நான், எனக்கு இது தெரியவில்லை. என் டிரம்ஸ்கூடத் துரிதமாக ஓடியிருக்கிறது, பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோனாஸ் சொன்னான்: மன்னிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நிறுத்துகிறேன். முதலிலிருந்து பண்ணுவோம். புத்தகத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். இனி எந்த ஆவணமும் எனக்கு வேண்டாம்.

யோனாஸ் மற்ற ஐந்து பாட்டையும் போட்டுக் காட்டினான். "ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல கிட்டாரு சத்தத்தக் கம்மி பண்ணிருக்கான், அதையும் கேளு" என்றான் செல்வராஜ். "அஞ்சாவது பாட்டு முடியுததுக்கு முந்தியே அமத்திட்டான், அதையும் சொல்லு." சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. பேச்சியம்மாள் கதவில் சாய்ந்துகொண்டு, "இந்த மனுசன் வூட்டுல குழம்புக்கு உப்பு இல்லன்னாக்கூட வாயத் தொறந்து சொன்னதில்லண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் யோனாஸ் கேட்டான், அட்டையில் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று. அவனிடம் இருந்தது பழைய படம், இருபத்தஞ்சு வயதில் கிட்டாரோடு நிற்கிறது. செல்வராஜ் அதைப் பார்த்தான்.

"இது வேண்டாம். இப்ப எடு. கீழ பேரு, ஊரு, வயசு போடு. அறுபத்தொண்ணு" என்றான்.

தறிக்கு முன்னால் போய் நின்றான். நான் போனைத் தூக்கினேன். பேச்சியம்மாள் ஓடி வந்து அவன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டப் போனாள்.

"கெடக்கட்டும் புள்ள" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இது இல்லன்னா நான்னு எவன் நம்புவான்?"

அப்படியே எடுத்தேன். அந்தப் படம்தான் அட்டையில் வருகிறது.